முதல் வேலையும் மதிப்பெண் பட்டியலும்

பத்தாம் வகுப்பில் 60 சதவீதம், பன்னிரண்டில் 60 சதவீதம், பட்டத்தில் 60 சதவீதம் அல்லது 6 சிஜிபிஏ, ஸ்டாண்டிங் அரியர் கூடாது. தமிழ்நாட்டின் பொறியியல் கல்லூரிகளில் ஏழாம் செமஸ்டர் தொடங்கும் நாள்களில் பிளேஸ்மென்ட் ஆபீசர் வாட்ஸ்அப் குழுவில் போடும் அறிவிப்பில் பெரும்பாலும் இந்த வரி இருக்கும். எண் மாறலாம், சில நிறுவனங்கள் 7 கேட்கும், சில 7.5 கேட்கும். டி.சி.எஸ். ஒரே ஒரு அரியர் வரை பொறுத்துக்கொள்கிறது. நடக்கும் விதம் மட்டும் எங்கும் ஒன்றுதான். கல்லூரியிலிருந்து நிறுவனத்துக்கு ஓர் எக்செல் கோப்பு போகிறது. அங்கே ஒருவர் சிஜிபிஏ பத்தியில் ஃபில்டர் போடுகிறார். 6.0 உள்ளே, 5.97 வெளியே. வெளியே போனவர் என்ன புராஜெக்ட் செய்தார், எந்தப் பாடத்தில் கெட்டி, எதனால் இரண்டாம் செமஸ்டரில் சறுக்கினார் என்பதை இனி யாரும் பார்க்கப்போவதில்லை.

படிப்பை முடித்து முதல் வேலைக்கு வரிசையில் நிற்பவரிடம் மதிப்பெண்ணை எவ்வளவு தூரம் கேட்பது என்பது பழைய சண்டை. நாலு வருஷம் உழைத்ததற்கு வேறு என்ன சாட்சி இருக்கிறது என்பார்கள் ஒரு தரப்பினர். மார்க்கா வேலை செய்யப்போகிறது என்பார்கள் மறு தரப்பினர். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மதிப்பெண்ணைக் கணக்கில் எடுக்கத்தான் வேண்டும். முழுக்கத் தூக்கிப் போட்டால் அதிகம் இழப்பவர்கள் ஏழை வீட்டுப் பிள்ளைகள். ஆனால் இன்று அதை எடுத்துக்கொள்ளும் முறை, அதாவது ஒரு கோடு கிழித்து அதற்குக் கீழே இருப்பவரைப் பார்க்காமலே விடுவது, இருக்கும் முறைகளிலேயே மோசமானது.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்று பார்ப்போம். கல்லூரி மதிப்பெண்ணுக்கும் பிற்பாடு வேலையில் காட்டும் திறனுக்கும் உள்ள தொடர்பு பற்றிப் பல பத்தாண்டுகளாக நடந்த ஆய்வுகளை ஒன்றுசேர்த்து ஃபிலிப் ராத்தும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1996-இல் அமெரிக்காவில் ஒரு தொகுப்பாய்வு வெளியிட்டார்கள். தொடர்பே இல்லையென்றால் 0, முழுத் தொடர்பு என்றால் 1 என்று வைத்துக்கொண்டால், அவர்களுக்குக் கிடைத்த எண் 0.16. மதிப்பெண் குறைந்தவர்கள் வேலைக்கே எடுக்கப்படுவதில்லை என்பதால் ஒப்பிட ஆள் கிடைப்பதில்லை. இதுபோன்ற குறைகளைச் சரிசெய்து கணக்கிட்டால் எண் ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. அப்போதும் வேலைத்திறனில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் பத்தில் ஒரு பங்கு அளவைத்தான் மதிப்பெண் விளக்கும். மிச்சம் ஒன்பது பங்குக்கு வேறு காரணங்கள். அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. வேலையில் சேர்ந்த முதல் ஆண்டில் தொடர்பு கூடுதலாக இருக்கிறது. ஆண்டுகள் போகப் போகத் தேய்ந்து, ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போகிறது.

கூகுளில் மனிதவளத் துறைக்குத் தலைவராக இருந்த லாஸ்லோ பாக் 2013-இல் நியூயார்க் டைம்ஸுக்கு அளித்த பேட்டியில், ஆளெடுப்புக்கு மதிப்பெண் உதவவே இல்லை என்று தங்கள் தரவுகளைப் பார்த்துச் சொன்னார். நம் ஊர் மேடைகளிலும் அது ஓயாமல் மேற்கோள் காட்டப்படுகிறது. கல்லூரியிலிருந்து நேராக வருபவர்களைப் பொறுத்தவரை மட்டும் சிறு தொடர்பு உண்டு என்று அதே பேட்டியில் அவர் சொன்னதை யாரும் எடுத்துக்காட்டுவதில்லை. நம் பேச்சே அந்தப் புதியவர்களைப் பற்றித்தான். மதிப்பெண் வீண் என்பவர்களுக்கும் அதுவே எல்லாம் என்பவர்களுக்கும் இந்தத் தரவுகள் முழுதாகத் துணை நிற்கவில்லை. மதிப்பெண் ஒரு மெலிந்த சாட்சி. ஆனாலும் அது சாட்சிதான்; முதல் வேலையின்போது அதற்குக் கொஞ்சம் காது கொடுக்கலாம்.

இந்தச் சாட்சி தமிழ்நாட்டில் எப்படி உருவாகிறது என்று கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அமெரிக்க ஆய்வின் எண்ணை அப்படியே இங்கே கொண்டுவர முடியாததற்குக் காரணம் அதில்தான் இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 விதிமுறையில் ஒரு தியரி பாடத்துக்கு இன்டர்னல் 20, செமஸ்டர் தேர்வு 80. 2021 விதிமுறையில் இது 40-க்கு 60 என்று ஆனது. இன்டர்னலைப் போடுவது அந்தந்தக் கல்லூரி. ஒரு கல்லூரியில் 40-க்கு 38 தாராளமாகக் கிடைக்கும். இன்னொன்றில் 30 வாங்கவே நாக்குத் தள்ளும். செமஸ்டர் விடைத்தாள் திருத்தத்தையும் அப்படியே நம்பிவிட முடியாது. 2018-இல் மறுமதிப்பீட்டில் பணம் வாங்கிக்கொண்டு மதிப்பெண் கூட்டியதாக அந்தப் பல்கலைக்கழக அதிகாரிகள்மீது லஞ்ச ஒழிப்புத் துறை வழக்குப் பதிந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

பிறகு கொரோனா வந்தது. 2020 ஆகஸ்டில், கட்டணம் கட்டியிருந்தால் போதும், அரியர் பாடங்களில் தேர்ச்சி என்று மாநில அரசு அறிவித்தது, ஏ.ஐ.சி.டி.இ. எதிர்த்தது, விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. 2021-இல் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களுக்குப் பொதுத் தேர்வு கிடையாது; பத்தாம் வகுப்பிலிருந்து 50 சதவீதம், பதினொன்றிலிருந்து 20, பன்னிரண்டின் செய்முறை, அகமதிப்பீட்டிலிருந்து 30 என்று கூட்டிப் போட்டார்கள். அன்றைய நிலைமையில் வேறு வழி இருந்திருக்காது. ஆனால் இப்படிப் பிறந்த எண்ணையும் 2019-இல் ஹாலில் உட்கார்ந்து எழுதி வாங்கிய எண்ணையும் ஒரே கோட்டில் வைத்து 60 இருக்கிறதா என்று கேட்பதில் நியாயம் எங்கே இருக்கிறது?

சிஜிபிஏவைச் சதவீதமாக மாற்றுவதும் ஊருக்கு ஒரு விதம். அண்ணா பல்கலைக்கழகத்தில் பத்தால் பெருக்கினால் போதும். கர்நாடகத்தின் விஸ்வேஸ்வரய்யா பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் 0.75-ஐக் கழித்துவிட்டுப் பத்தால் பெருக்கினார்கள். சிபிஎஸ்இ பத்தாம் வகுப்புக்கு 9.5-ஆல் பெருக்கியது. 6.5 வாங்கிய மாணவர் சென்னையில் 65 சதவீதம், பெலகாவியில் 57.5. இஸ்ரோ தன் விஞ்ஞானி, பொறியாளர் தேர்வுக்கு 65 சதவீதம் அல்லது 6.84 சிஜிபிஏ என்று இரண்டாவது தசமம் வரை கேட்கிறது. 6.84-ஐ 9.5-ஆல் பெருக்கிப் பாருங்கள், 65-க்கு மயிரிழை குறைவாக வரும். அளவுகோல் ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு நீளமாக இருக்கும்போது இவ்வளவு நுட்பமாக அளப்பதில் பொருளில்லை.

கோட்டின் குறையை இன்னும் பக்கத்தில் போய்ப் பார்க்க ஒரு கணக்குப் போடலாம். ஒரு மாணவி அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்துவிட்டுப் பொறியியலுக்கு வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். எம்-ஒன் கணிதமும் இன்ஜினியரிங் கிராபிக்ஸும் ஆங்கிலப் புத்தகமும் முதல் செமஸ்டரிலேயே அவளை உட்கார வைத்துவிடுகின்றன. எட்டு செமஸ்டரில் அவள் வாங்குவது 5.2, 5.8, 6.2, 6.8, 7.2, 7.6, 8.0, 8.4. அதே வகுப்பில் இன்னொரு மாணவன் நகரத்து ஆங்கிலப் பள்ளியிலிருந்து வருகிறான். அவனுக்கு அதே எண்கள் தலைகீழாக, 8.4-இல் தொடங்கி 5.2-இல் முடிகின்றன. எல்லா செமஸ்டருக்கும் ஒரே கிரெடிட் என்றால் இருவருக்கும் கடைசியில் வருவது 6.9. ஆனால் கேம்பஸ் தேர்வு நடக்கும்போது கையில் இருப்பது ஆறு செமஸ்டர் மதிப்பெண்தான். அப்போது அவன் 7.37, அவள் 6.47. நிறுவனம் 7 என்று கோடு போட்டால் அவன் உள்ளே, அவள் வெளியே. கீழே சரிந்துகொண்டிருப்பவனுக்கு ஆஃபர் லெட்டர் கிடைக்கிறது. மேலே ஏறிக்கொண்டிருப்பவளுக்குத் தேர்வு எழுதவே அனுமதி இல்லை. எதிர்காலத்தில் யார் நன்றாக வேலை செய்வார் என்பதுதான் கேள்வியென்றால் இதைவிடத் தவறான விடையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இது வெறும் கற்பனைக் கணக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. 2021 முதல் அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தொழிற்கல்வியில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. வீட்டில் முதல் பட்டதாரிகளாக வருபவர்கள் ஏராளம். அவர்களுக்கு முதல் ஆண்டில் அரியர் விழுவதும், மூன்றாம் ஆண்டில் நிமிர்ந்துவிடுவதும் பொறியியல் ஆசிரியர்கள் தினமும் பார்க்கும் காட்சி. ‘ஹிஸ்டரி ஆஃப் அரியர்’ என்ற நிபந்தனை இவர்களைக் குறிவைத்ததுபோலவே இருக்கிறது. விழுந்த அரியரை எழுதி முடித்த பிறகும், ஒருகாலத்தில் விழுந்தாய் என்பதற்காக வாசலை மூடுகிறது அது. அரியர் வைத்துத் திரும்ப எழுதித் தேறியவரிடம் ஒரு விடாப்பிடி இருக்கிறது. எந்த முதலாளியும் விரும்ப வேண்டிய குணம் அது.

இவ்வளவு சொன்ன பிறகு, மதிப்பெண்ணையே எடுத்துவிடலாமே என்று தோன்றும். அந்த இடத்துக்கு என்ன வந்து உட்காரும் என்று பார்த்துவிட்டு முடிவு செய்வோம். ஜப்பானிய நிறுவனங்கள் புதிய பட்டதாரிகளை மொத்தமாக எடுக்கும்போது கல்லூரி மதிப்பெண்ணை அதிகம் பார்ப்பதில்லை என்பது நெடுநாள் வழக்கம். எந்தப் பல்கலைக்கழகம் என்பதைப் பார்க்கிறார்கள். அமெரிக்காவின் மேல்தட்டு வங்கி, சட்ட, ஆலோசனை நிறுவனங்கள் ஆளெடுக்கும் விதத்தை உள்ளிருந்து கவனித்து லாரன் ரிவேரா 2015-இல் ‘பெடிகிரி’ என்ற நூலை எழுதினார். கல்லூரியின் பெயர், விளையாட்டு, பொழுதுபோக்கு, நம்மைப்போல இருக்கிறாரா என்ற உணர்வு ஆகியவை அங்கே எவ்வளவு தூரம் தீர்மானிக்கின்றன என்று அதில் காட்டினார். வசதியான வீட்டில் பிறந்தவருக்கு இவை தாமாகவே வரும்.

நம் ஊரில் அந்த இடத்தைப் பிடிப்பது ஆங்கிலப் பேச்சு. ‘டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப்’ என்று தொடங்கும் பதினைந்து நிமிட நேர்காணலில் கான்வென்ட்டில் படித்தவர் பாதிக் கிணறு தாண்டிவிடுகிறார். அதற்கு அடுத்தது சிபாரிசு. உள்ளே வேலை பார்க்கும் அண்ணனோ மாமாவோ ரெஃபர் செய்தால் பயோடேட்டா மேலே போகிறது. அப்படி யாரும் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு, தன் பெயரில் தானே சம்பாதித்தது என்று எடுத்துக்காட்ட இருப்பது அந்த மதிப்பெண் பட்டியல் ஒன்றுதான். அதனால்தான் மதிப்பெண்ணை ஒழிக்கச் சொல்லும் குரலை, அது எவ்வளவு முற்போக்காக ஒலித்தாலும், என்னால் ஏற்க முடிவதில்லை.

மைக்கேல் ஸ்பென்ஸ் 1973-இல் எழுதிய கட்டுரையில் சொன்னதும் இதற்குப் பக்கத்தில் வருகிறது. ஆளைப் பற்றி ஒன்றும் தெரியாத முதலாளிக்கு, எளிதில் கிடைக்காத ஒன்றைப் பெற்றிருப்பது ஓர் அடையாளமாகிறது. பாடம் பிடிக்கிறதோ இல்லையோ, எட்டு செமஸ்டர், நாற்பதுக்கு மேற்பட்ட பாடங்கள் என்று விடாமல் கடந்து வருவது இரண்டு மணி நேர ஆன்லைன் தேர்வில் தெரியாத ஒன்றைச் சொல்லத்தான் செய்கிறது. ஆன்லைன் தேர்வுக்கும் இன்று கோச்சிங் வந்துவிட்டது. கட்டணம் கட்ட முடிந்தவருக்கு அங்கேயும் ஒரு படி முன்னே.

மதிப்பெண்ணைக் கைவிட்டு நடந்து காட்டியவர்களும் இருக்கிறார்கள். பிரிட்டனில் எர்ன்ஸ்ட் அண்டு யங் 2015-இல், பட்டத்தில் இன்ன வகுப்பு வாங்கியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையை நீக்கியது, பி.டபிள்யூ.சி. 2022-இல் அதே வழியில் போனது. இரண்டுமே சொந்தத் தேர்வு முறைகளை வளர்த்துக்கொண்ட பிறகுதான் அதைச் செய்தன. நம் பக்கத்தில் ஜோஹோ இருபது ஆண்டுகளாகப் பன்னிரண்டாம் வகுப்பு, டிப்ளமோ முடித்தவர்களை எடுத்து, உதவித்தொகை கொடுத்துச் சொல்லிக்கொடுத்து, வேலையில் அமர்த்திவருகிறது. பட்டமே கேட்பதில்லை. அது நடப்பதற்குக் காரணம், ஆளை நேரில் வைத்து மாதக்கணக்கில் பார்க்க அந்த நிறுவனம் பணமும் நேரமும் செலவிடுகிறது. ஒரே வாரத்தில் ஆயிரக்கணக்கானோரை எடுக்கும் நிறுவனம் இதைக் காப்பியடிக்க முடியாது.

அரசுப் பணியில் டி.என்.பி.எஸ்.சி.யின் வழி வேறு. பட்டம் இருந்தால் போதும்; போட்டித் தேர்வு முடிவு செய்யும். நேர்மையான வழி. விலை என்னவென்றால், இருபதுகளின் பொன்னான ஆண்டுகள் பயிற்சி மையங்களிலும் நூலகப் படிக்கட்டுகளிலும் கரைகின்றன.

மதிப்பெண்ணையும் தேர்வையும் கலந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு பெரிய பாடம் இருக்கிறது. ஆளெடுப்பைப் பற்றிப் பேசும் எவரும் அதைப் படித்துப் பார்க்க வேண்டும். ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறியவர்களைப் பணியில் அமர்த்த 2012 அக்டோபரில் அரசாணை 252 ஒரு வெயிட்டேஜ் முறையைக் கொண்டுவந்தது. பட்டதாரி ஆசிரியருக்குத் தகுதித் தேர்வுக்கு 60, பன்னிரண்டாம் வகுப்புக்கு 10, பட்டத்துக்கு 15, பி.எட்.டுக்கு 15. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் மதிப்பெண்ணைப் படிகளாக வெட்டிவிட்டார்கள். தகுதித் தேர்வில் 60 சதவீதம் எடுத்தவருக்கும் 69 எடுத்தவருக்கும் ஒரே 42; 70 எடுத்தவருக்கு 48. ஒரே ஒரு சதவீதத்தில் ஆறு மதிப்பெண் தாவல். சென்னை உயர் நீதிமன்றம் 2014-இல் இந்தப் படிமுறையை ஏற்கவில்லை. அதே ஆண்டு மே மாதம் அரசாணை 71 வந்தது. வாங்கிய மதிப்பெண்ணுக்கு ஏற்ப விகிதக் கணக்கு.

அப்போதுதான் அடுத்த பிரச்சினை வெளியே வந்தது. பதினைந்து, இருபது ஆண்டுகளுக்கு முன் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்கள், அன்று மதிப்பெண் இப்படி அள்ளிக் கொடுக்கப்படவில்லையே என்றார்கள். அன்று 70 சதவீதம் வாங்கியவர் பள்ளியில் முதல் வரிசை. இன்று 90 வாங்குபவருக்கும் அந்த இடம் நிச்சயமில்லை. தகுதித் தேர்வில் கூடுதலாக எடுத்திருந்தும் பழைய மதிப்பெண் பட்டியலால் பின்னுக்குப் போனவர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். உச்ச நீதிமன்றம் 2016 நவம்பரில் அரசாணையைச் செல்லும் என்றது. இருந்தும் 2018-இல் அரசே வெயிட்டேஜைக் கைவிட்டு, தனிப் போட்டித் தேர்வு என்று அரசாணை 149 வெளியிட்டது. அந்தத் தேர்வு நடக்க 2024 ஆகிவிட்டது. 2013-இல் தகுதித் தேர்வில் தேறி, அதற்குள் நாற்பதைத் தாண்டிவிட்டவர்களின் கோபத்தை எந்தச் சட்ட வாதத்தாலும் ஆற்ற முடியாது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இதுதான். மதிப்பெண்ணை ஒப்பிடுவதென்றால் ஒரே ஆண்டில், ஒரே கல்லூரியில், ஒரே வினாத்தாளை எழுதியவர்களுக்குள் ஒப்பிடலாம். அதைத் தாண்டும்போது அது வேறு வேறு காசுகளை ஒரே உண்டியலில் போட்டு எண்ணுவதாகிவிடுகிறது. ஒரு கல்லூரியின் மெக்கானிக்கல் வகுப்பில் முதல் கால்பங்குக்குள் வருகிறார் என்பது நம்பத்தக்க செய்தி. 7.1 சிஜிபிஏ என்பது, எந்தக் கல்லூரி, எந்த விதிமுறை என்று தெரியாதவரை, பெரிதாக ஒன்றும் சொல்லாது.

ஆகவே எவ்வளவு எடை கொடுப்பது என்று கேட்டால், முதல் வேலைக்கு நூறில் இருபதுக்கு மேல் வேண்டாம் என்பேன். இது என் மதிப்பீடுதான். ஆனால் மேலே சொன்ன ஆய்வுகள் இந்தப் பக்கம்தான் சாய்கின்றன. அந்த இருபதிலும் வகுப்பில் பெற்ற இடத்துக்கும், செமஸ்டருக்குச் செமஸ்டர் ஏறியதா இறங்கியதா என்பதற்கும், அந்த வேலைக்குத் தொடர்புள்ள நாலைந்து பாடங்களுக்கும் முதலிடம். மிச்சம் எண்பது, வேலையையே சின்னதாகச் செய்யச் சொல்லிப் பார்ப்பதற்கும் ஒழுங்கான நேர்காணலுக்கும். ஒழுங்கான நேர்காணல் என்பது எல்லோரிடமும் ஒரே கேள்விகள், விடைக்கு முன்கூட்டியே வகுத்த மதிப்பெண். பால் சாக்கெட்டும் அவருடைய குழுவினரும் 2022-இல் பழைய ஆய்வுகளைத் திரும்பக் கணக்கிட்டபோது, தேர்வு முறைகள் எல்லாவற்றிலும் முன்னணியில் நின்றது அப்படிப்பட்ட நேர்காணல்தான். அதற்கு வந்த எண் 0.42. செலவும் அதிகமில்லை. நேர்காணல் எடுப்பவருக்கு ஒருநாள் பயிற்சியும், தோன்றியதைக் கேட்காமல் இருக்கும் கட்டுப்பாடும் வேண்டும்.

ஆள் அதிகம் வந்தால் என்ன செய்வது, எல்லோரையும் நேர்காணலுக்கு அழைக்க முடியுமா என்று நிறுவனங்கள் கேட்பதிலும் நியாயம் உண்டு. டி.சி.எஸ். தன் தேசியத் தகுதித் தேர்வை 2018-இல் தொடங்கியது இதற்காகத்தான். முதல் வடிகட்டலுக்கு அப்படியொரு பொதுத் தேர்வு கையில் இருக்கும்போது, அதை எழுதவே 60 சதவீதம் வேண்டும் என்று அதற்கு முன்னால் இன்னொரு கதவைப் போடுவது எதற்கு? கணினியில் நடக்கும் தேர்வுக்கு இன்னும் சிலர் உட்கார்ந்தால் நிறுவனத்துக்குச் சுமை ஒன்றும் கூடிவிடாது. எல்லாக் கதவுகளையும் தாண்டி வருபவர்கள்மேலும் நிறுவனங்களுக்கு முழு நம்பிக்கை இருப்பதில்லை. 2025 பிப்ரவரியில் இன்ஃபோசிஸ் தன் மைசூரு வளாகத்தில், உள்தேர்வுகளில் தேறவில்லை என்று முந்நூறுக்கும் மேற்பட்ட புதியவர்களை வெளியே அனுப்பியது. சேர்வதற்கு இரண்டு ஆண்டுக்கு மேல் காத்திருந்தவர்கள் அவர்களில் பலர்.

பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை மட்டும் இன்றே விட்டுவிடலாம். பதினைந்து வயதில் எழுதிய தேர்வு இருபத்திரண்டு வயதில் ஒருவர் எழுதும் புரோகிராமைப் பற்றி என்ன சொல்லிவிடும்? அந்த வயதில் அப்பா இறந்திருக்கலாம், ஊர் மாறியிருக்கலாம், பள்ளியில் கணக்கு வாத்தியாரே இல்லாமல் இருந்திருக்கலாம். அதுவும் போக, 2020-21 கல்வியாண்டில் தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு படித்தவர்களுக்குப் பொதுத் தேர்வே நடக்கவில்லை. அவர்களுடைய சான்றிதழில் மதிப்பெண் கிடையாது. தேர்ச்சி என்று மட்டும்தான் இருக்கிறது. அவர்களில் பொறியியலுக்கு வந்தவர்கள் 2023-இல் சேர்ந்து 2027-இல் முடிப்பவர்கள். பத்தாம் வகுப்பில் எத்தனை சதவீதம் என்ற கட்டத்தில் அவர்களால் எதையும் எழுத முடியாது. அந்தக் கட்டம் இல்லாமலே அவர்களை எடுக்க முடியுமென்றால் அவர்களுக்கு முன்னும் பின்னும் வருபவர்களையும் எடுக்கலாம்.

மாநில அரசுக்கும் இதில் செய்ய வேண்டியது உண்டு. 2022 மார்ச்சில் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் வழியாக அரசே மாணவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறது, நிறுவனங்களை அழைத்து வேலைவாய்ப்பு முகாம் நடத்துகிறது. அந்த முகாம்களுக்கு வரும் நிறுவனங்களிடம் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணையும் முடித்துவிட்ட அரியரையும் கேட்கக் கூடாது என்று ஒரு நிபந்தனை போடலாம். ஆளும் தேவை, முகாமும் தேவை என்று வருகிற நிறுவனங்கள் அதற்காகத் திரும்பிப் போய்விடமாட்டா.